ஏழடிக்கு ஒரு பல்

திங்கட்கிழமை மலை என் கைக்கு வரும்.
பர்மிங்ஹாம் கார்கள் சைக்கிள்களைக் கழுவி
முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டன.
வாகன நிறுத்தத்தில் மிச்சம்
ஒற்றைக் கையுறை, வாழைப்பழத் தோல்,
யாரோ கழற்றி எறிந்த முழங்கால் கவசம்.

நீலப் பாதை, சிவப்புப் பாதை, அப்புறம் கறுப்பு.
மூன்றையும் மேலிருந்து கீழே நடந்து பார்க்கிறேன்
தோளில் மண்வெட்டியோடு.
கவுன்சில் சம்பளம் தருவது பதினாறு மணி நேரத்துக்கு.
மழை வேலை வாங்குவது வாரம் முழுக்க.

வேல்ஸில் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.
சரிவில் பாதை வெட்டுகிறவள்
முதலில் தண்ணீரிடம்தான் வழி கேட்கணும்.
கேட்காமல் வெட்டியதை
அது ஒரே ராத்திரியில் திருத்திவிடும்.

டெக்வின் பியூவின் நிலம்
கறுப்புப் பாதையை இடுப்பில் உரசுகிறது.
போன மார்ச்சில் எவனோ கேட்டைத் திறந்துபோட்டுப் போக,
சினையாடுகள் பதினொன்று சாலைக்கு இறங்கின.
இரண்டு திரும்பவில்லை.
ஊர்க் கூட்டத்தில் தொப்பியைக் கழற்றாமல் எழுந்து
வெல்ஷில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை:
"இது மலை. சறுக்குமரம் இல்லை."
ஆங்கிலம் எனக்காக.
லீட்ஸிலிருந்து வந்து எட்டு வருஷமாகியும்
அந்த இரண்டாம் தடவை எனக்காகத்தான்.

அக்டோபரில் ஒரு புதன்.
ஊசியிலைகளில் பனி கலையாத நேரம்.
கறுப்புப் பாதையில் எனக்கு முன்னால் ஒரு தடம்.
முன் டயரில் ஒரு பல் இல்லை;
ஏழடிக்கு ஒரு முறை, சரியாக அங்கே,
மண் வாயை மூடிக்கொண்டிருந்தது.

வியாழனும் அதே டயர். சனி விடியலிலும்.
தடம் வாசிப்பது என் தொழில்:
இங்கே பயந்து பிரேக் பிடித்திருக்கிறான்,
இங்கே வேரைப் பார்த்துப் பின்னால் சாய்ந்திருக்கிறான்,
பெரிய பாறை விளிம்பில் இறங்கி
தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறான்
சைக்கிள் ஷூ இல்லை, ரப்பர் பூட்ஸ்.
பக்கத்தில் ஒரு நாயின் கால்கள்,
அவசரமே இல்லாமல்.

தடம் காட்டை விட்டு இறங்கி
பியூவின் கேட்டுக்குள் போனது.
கேட் சாத்தியிருந்தது.
தாழ்ப்பாளுக்கு மேலே ஆரஞ்சு வைக்கோல் கயிறு,
இரட்டை முடிச்சு.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
லவ்ரியிடம்கூட.
அவள் காபிக்கடைதான் இங்கே செய்தித்தாள்.
வரைபடத்தில் இல்லாத ஒரு வேலை மட்டும் செய்தேன்:
பாறைக்கு இடப்பக்கம் கற்களை அடுக்கி,
மண் நிரப்பி, மிதித்து,
பயந்தவர்கள் சுற்றி இறங்க ஒரு வழி.
பலகை வைக்கவில்லை.
மூன்று நாள் முதுகு வலித்தது.

வெள்ளி விடியல் போய்ப் பார்த்தேன்.
என் வழியில் ஒரு காகம்கூடக் கால் வைக்கவில்லை.
ஏழடிக்கு ஒரு பல் என்று வந்த தடம்
நேராகப் பாறை விளிம்பு வரை.
அப்புறம் ஒன்றுமில்லை.
மூன்று மீட்டருக்கு, பன்னத்தழை மேல்,
ஒன்றுமில்லை.
அதன்பின் சக்கரங்கள் இரண்டும் ஆழமாய்ப் பதிந்து,
கோணி,
ஒரு முழு உள்ளங்கை, ஐந்து விரலோடு.
நாய் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

பூட்ஸ் தடங்கள் மேலே ஏறின.
மறுபடியும் விளிம்பு. மறுபடியும் ஒன்றுமில்லை.
இந்த முறை கீழே
சக்கரங்கள் மட்டும்.

சாயங்காலம் கடையில் பால் வாங்க நின்றேன்.
டெக்வினின் மணிக்கட்டில் கட்டு.
நான் கேட்காமலே சொன்னார்:
"கிடா முட்டிவிட்டது."
"இந்த வருஷம் கிடாக்கள் மோசம்" என்றேன்.
சில்லறையை எண்ணி முடித்து, கதவு வரை போய்
திரும்பாமலே, ஆங்கிலத்தில் மட்டும்:
"அந்தப் பாறைக்குக் கீழே தண்ணீர் தேங்குது.
விழுகிற இடத்தில்."

அவர் போய் வெகுநேரம்
கதவு மணி ஆடிக்கொண்டிருந்தது.
காலையில் முதல் வேலையாக
வடிகால் வெட்டினேன்.